எடைக்குப் போகாத மீன்

தொண்ணூறுகளின் கடைசியில், புனே சிஞ்ச்வட்டில் எங்கள் தொழிற்சாலை பிக்னிக்கின்போது அணைக்கரையில் தூண்டில் போட்டி வைத்தார்கள். முந்தைய வருடம் எனக்கு ஒன்றுமே மாட்டாததை எல்லோரும் கேலி செய்திருந்தார்கள். அந்த ரோஷத்தில் மார்க்கெட்டில் பெரிய மீன் ஒன்றை வாங்கிப் பையில் ஒளித்துக் கொண்டுபோனேன். மீனே சமைக்காத வீட்டில் வளர்ந்த எனக்கு எல்லா மீனும் ஒன்றுதான்.

எடை போடும் வரிசையில் அதை வெளியே எடுத்தேன். பின்னால் நின்ற போட்டியாளர், தூத்துக்குடிக்காரரான அந்தோணி, காதருகே குனிந்தார்.

"சார், இது கடல் மீனுல்லா! டேமுக்கு எப்படி வந்துச்சுன்னு கேட்டா என்ன சொல்லுவீங்க? பேசாம உள்ள வைங்க."

வைத்துவிட்டேன். மானம் தப்பியது.

அதன்பின் ஒவ்வொரு பிக்னிக்கிலும், மீன் மாட்டாவிட்டால் வெறும் பையை நானே தூக்கிக் காட்டிவிடுகிறேன். அந்தோணி இன்றுவரை யாரிடமும் மூச்சுவிடவில்லை. அவருக்கு நன்றி சொல்ல வேண்டுமென்றால், இதை நான்தானே சொல்லியாக வேண்டும்!