ஆற்றில் இறக்கிய சவுக்கு

மீன் ஏன் ஒரு காய்ந்த மரத்தைத் தேடி வர வேண்டும் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. என் கணவர் எத்தனையோ தடவை விளக்கிவிட்டார். தண்ணீருக்குள் கிடக்கும் கொப்பில் பாசி பிடிக்குமாம், பாசிக்கு இறாலும் சிறு மீனும் வருமாம், அதைத் தின்னக் கொடுவா வருமாம், போதாததற்கு நிழலும் இருக்குமாம். அப்படியென்றால் எங்கள் வளவில் விழுந்து கிடக்கும் மாமரத்துக்கு ஏன் ஒரு கோழிகூட ஒதுங்குவதில்லை என்று கேட்டேன்.

"உன்னோட கதைச்சு ஏலாது புள்ள" என்று எழும்பிப் போய்விட்டார்.

புளியந்தீவில் எங்கள் வீட்டுப் பின்வேலிக்கு அப்பால் வாவி. புத்தகத்தில்தான் அது வாவி, எங்கள் வாயில் ஆறு. வீடு என்னுடையது. எங்கள் ஊர்ப் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். மாப்பிள்ளை வந்து சேருவார். இவர் வந்து சேர்ந்த கையோடு கட்டாருக்குப் போய்விட்டார். பிறகு லீவில் வருவதும் போவதுமாக எங்கள் கலியாண வாழ்க்கையில் பெரும்பங்கு தொலைபேசியிலேயே நடந்தது. சண்டை பிடிப்பதற்குக்கூட சிக்னல் இருக்க வேண்டும்.

இந்த முறை நத்தாருக்கு, கிறிஸ்து பிறப்புக்கு, வந்தபோது வாய்விட்டே கேட்டேன். இனிப் போக வேண்டாம், இங்கேயே நில்லுங்கள் என்றேன். அழுதும் கேட்டேன். அதில் எனக்கு வெட்கமில்லை. அவர் ஆற்றைக் கையால் காட்டினார்.

"ஆத்தில உழைச்சிச் சாப்பிடலாமெண்டா நிக்கிறன்."

சின்ன வயதில் அக்கரையில், வவுணதீவுப் பக்கம், தகப்பனோடு கொப்புப் போட்டு மீன் பிடித்தவர் அவர். உயிர்த்த ஞாயிறு வரைக்கும் பார்ப்போம், மீன் பட்டால் நிற்பது, படாவிட்டால் திரும்புவது என்று பேச்சு முடிந்தது. அதாவது, என் புருசன் என்னோடு இருப்பாரா இல்லையா என்பதை ஒரு குப்பைக் குவியல் தீர்மானிக்கப் போகிறது. இந்த ஒப்பந்தத்துக்கு எப்படிச் சம்மதித்தேன் என்பதும் எனக்கு விளங்கவில்லை.

கொப்புக்கு எங்கே போவது? கரை நெடுக அலையாத்தி மரங்கள் கண்ணாக்காடாக நிற்கின்றன, ஆனால் அதில் ஒரு கிளையை ஒடித்தால் பொலிஸ் வந்து நிற்கும். யோசனை எனக்குத்தான் வந்தது. எங்கள் ஊர் வேதக்கார வீடுகளில் நத்தாருக்குச் சவுக்கங்கொப்பைத்தான் வாளியில் நட்டுச் சோடிப்போம். மூவிராசாக்கள் திருநாள் முடிந்தால் அது கேற்றுக்கு வெளியே வந்துவிடும். ஓட்டோவைப் பிடித்துக்கொண்டு நானே வீடு வீடாகப் போனேன். கத்தோலிக்க வீடு, மெதடிஸ்த வீடு என்று பேதம் பார்க்கவில்லை. கோயிலடிப் பறங்கி அன்ரி மட்டும் ஒரு கேள்வி கேட்டார்.

"எங்க மகள் கொண்டு போறாய்?"

"மீனுக்கு நத்தார் வைக்க, அன்ரி."

அவர் சிலுவை போட்டுக்கொண்டார்.

பஞ்சையும் மினுங்கல் தாளையும் பிய்த்தெடுத்து என் விரல்கள் எரிந்தன. அவர் கொப்புகளைக் கட்டுக் கட்டாகக் கட்டி, கல்லைப் பிணைத்து, தோணியில் ஏற்றிக்கொண்டு தனியே போனார். எந்த இடத்தில் இறக்கினார் என்று நான் கேட்கவில்லை. கேட்கவும் கூடாது. கொப்புப் போடுகிறவர்கள் மேலே கம்போ போத்தலோ அடையாளம் வைக்க மாட்டார்கள்; வைத்தால் இன்னொருவன் வந்து வலை வளைத்துவிடுவான். கரையில் தெரியும் கோயில் சிலுவை, டவர், பனை என்று இரண்டிரண்டை நேர்கோட்டில் வைத்துப் பார்த்து, அந்தக் கோடுகள் சந்திக்கும் இடத்தை மனதில் வைத்துக்கொள்வார்கள். அதைப் பெண்சாதிக்கும் சொல்வதில்லை, கூடப்பிறந்தவனுக்கும் சொல்வதில்லை. ஆற்றை விட்டுப் போகிறவன்தான், இனி இது உன்னுடையது என்று இன்னொருவனைக் கூட்டிப்போய் இடத்தைக் காட்டுவான்.

தபசு காலம், உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய நாற்பது நாள் நோன்பு, தொடங்கும்போது கொப்பில் பாசி பிடித்திருக்கும் என்று சொல்லியிருந்தார். தபசும் தொடங்கியது. இறைச்சியை விட்டு ஊரே மீனுக்கு அலைகிற நாட்கள். விடியப் போய் வெயில் ஏற வருவார். கூடையில் சின்ன ஓரா மீன் கொஞ்சம் கிடக்கும், பூனைக்குக்கூடக் காணாது.

"எப்பிடி?"

"ஒண்டும் காணல்ல."

நான் நம்பினேன். கோயிலில் மெழுகுதிரி கொளுத்தி மன்றாடினேன். மீனுக்காக மன்றாடலாமா என்று ஒரு சந்தேகம் வந்தது. ஆண்டவரே வலை போடச் சொன்னவர்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

ஆனால் அவருடைய சட்டையைத் தோய்க்கும்போது செதில் ஒட்டியிருந்தது, பெருவிரல் நகம் அளவில். ஓராவுக்கு ஏது இவ்வளவு பெரிய செதில்? கேட்டதற்கு, வேறு ஆளின் கூடையைத் தூக்கிக் கொடுத்தேன் என்றார். அதே நாட்களில் பக்கத்து வளவு அண்ணன் வீட்டிலிருந்து கொடுவாக் குழம்பு மணக்கத் தொடங்கியது. ஒரு நாள் இரண்டு நாள் என்றால் பரவாயில்லை. எங்கள் கொப்பில் அந்த மனிதர்தான் கை வைக்கிறார், இவர் வாயில்லாப் பூச்சியாக இருக்கிறார் என்று முடிவு கட்டினேன். அந்த மணத்தோடு எங்கள் வீட்டில் நெத்தலிக் கருவாட்டைப் பொரிக்க எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

ஒரு காலை இவர் தோணியைக் கட்டிவிட்டு வீட்டுக்குள் நுழைந்ததும், நான் வேலியால் புகுந்து போனேன். அண்ணன் கரையில் இருந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார்.

"அண்ணன், எங்கட கொப்பில மீன் அள்ளுறது நீங்கதானே?"

மறுப்பார், சண்டை பிடிக்கலாம் என்றுதான் போனேன். அவர் மறுக்கவில்லை.

"ஓம் தங்கச்சி, நான்தான். அவன்தானே அள்ளச் சொன்னான்."

"ஆரு?"

"உன்ட மனுசன்தான். தபசு தொடங்கின கிழமையே என்னைக் கூட்டிட்டுப் போய் இடத்தக் காட்டித் தந்துட்டான். சரியான மீன் தங்கச்சி, இப்பிடி ஒரு கொப்ப நான் இந்த ஆத்தில கண்டதில்ல. ஏன், உனக்குத் தெரியாதா?"

தெரியும் என்று தலையாட்டிவிட்டுத் திரும்பினேன். வேலிக்கும் வீட்டுக்கும் இடையில் மனம் போகக்கூடாத இடமெல்லாம் போய் வந்தது. கட்டாரில் வேறு எவளும் இருக்கிறாளோ? என்னைப் பிடிக்கவில்லையோ? மீன் இருக்கிற ஆற்றை விட்டுப் போக எந்த மனிதனுக்கு மனம் வரும்? கோபம் வந்ததா அழுகை வந்ததா என்றும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அவர் குசினியில் அடுப்படியில் நின்று ஒவ்வொரு தகரப் பேணியாகத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

"ஆத்தில மீன் இருக்காம்" என்றேன்.

கையிலிருந்த பேணியை மூடினார். "ஓம்."

"மறுகா ஏன் இல்லயெண்டு சொன்னீங்க?"

பேணியைத் தட்டில் வைத்தார். பிறகு என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார். "மீன் இல்லயெண்டா நீயே போகச் சொல்லுவாயெண்டு நினைச்சன்."

"நான் என்ன பிழை விட்டன்?"

"நீ ஒரு பிழையும் விடல்ல. நல்லாத்தான் பாக்கிறாய். ஆனா இந்த வீட்டில சீனி எவடத்த இருக்கெண்டு எனக்குத் தெரியாது. ஒரு நெருப்புப்பெட்டி எடுக்கிறதெண்டாலும் உன்னத்தான் கேக்கணும். அங்க எனக்கு ஒரு கட்டில், ஒரு அலுமாரிதான். கண்ண மூடிட்டு எல்லாத்தையும் எடுப்பன். இஞ்ச வந்தா, எப்ப கிறுகி அங்கயே போவானெண்டு எல்லாரும் காத்துக்கிட்டு இருக்கிற மாதிரி இருக்கு."

யாரும் காத்திருக்கவில்லை என்று நான் சத்தமாகச் சொல்லியிருக்க வேண்டும். அவர் நிற்கும் நாட்களில் எனக்கும்தான் என் வீட்டில் எந்த மூலையில் இருப்பது என்று பிடிபடுவதில்லை. அதையாவது சொல்லியிருக்கலாம். அதற்குப் பதிலாக என் வாயில் வேறு ஒன்று வந்தது.

"அந்த இடத்த எனக்கும் சொல்லுங்க."

"உனக்கு என்னத்துக்கு? தோணி தள்ளுவாயா?"

"தள்ளத் தெரியாது. சொல்லுங்க."

என்னத்துக்கு என்று எனக்கும் தெரியாது. அண்ணனிடம் சொன்னதை என்னிடமும் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அவர் யன்னலால் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். வாயும் அசைந்தது.

"நான் கொண்டு வந்த பெட்டிய எங்க வச்ச நீ?" என்று கேட்டார்.

"கட்டிலுக்குக் கீழ" என்றேன்.