மனுவேலின் மூக்கும் மிஞ்சிய ஒரு கண்ணும்

நீலகிரியில் கட்டபெட்டுப் பக்கம் மனுவேலின் மூக்கைப் பற்றிப் பேசாத ஆள் கிடையாது. தொழிற்சாலையில் இலை கொஞ்சம் கூடுதலாகப் புளித்துவிட்டால், கோத்தகிரி சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருக்கும் மனுவேல் தும்முவார் என்பார்கள். அது மிகைதான். கோத்தகிரி வரைக்கும் இல்லை, பாதி வழி வரைக்கும் சத்தியமான உண்மை.

தேயிலைத் தொழிற்சாலையில் அவர் டீமேக்கராக இருந்தவர். அரைத்த பச்சை இலையைப் பரப்பிப் புளிக்க விட்டு, எந்த நொடியில் அதைச் சூட்டுக்கு அனுப்புவது என்று முடிவு சொல்கிற ஆள். அதற்கு மனுவேலிடம் இருந்த கருவி முகத்தில்தான் இருந்தது. ஈர இலையில் ஒரு கை அள்ளி, உருண்டை பிடித்து, அதற்குள் முகத்தையே புதைத்து மூச்சை இழுப்பார். முதலில் பச்சை வாடை, பிறகு பழுத்த கொய்யா போல ஒரு வாசம். அது எழும்பியதும் "அனுப்பு!" என்று ஒரு கத்தல். இலையை உலர்த்தும் டிரையர் உறுமத் தொடங்கும். புருவத்திலும் மூக்கு நுனியிலும் செம்புநிறத் துணுக்குகளோடுதான் வீடு திரும்புவார். ஜெஸிந்தாவைப் பெண் பார்க்கப் போனபோதும் அப்படியே போய் உட்கார்ந்தாராம். "மாப்பிள்ளைக்கு மூஞ்சியில துருப்புடிச்சிருக்குது" என்று அவள் தங்கை சிரித்ததில் காப்பித் தட்டே கவிழ்ந்ததாம்.

அவருக்கு இடது கண் தெரியாது. எப்படிப் போயிற்று என்று கேட்டால், சிறுத்தை அடித்தது என்பார். கேட்கிறவரைப் பொறுத்து சிறுத்தை வளரும். டீக்கடையில் அது எருமை அளவு. பங்குச் சாமியாரிடம் மட்டும் குட்டிச் சிறுத்தை. அவரிடம் பெரிய பொய் சொல்லக்கூடாதல்லவா!

வலது கண்ணிலும் புரை முற்றி, எதிரே வருவது மனிதனா மாடா என்று குரலை வைத்துக் கண்டுபிடிக்கும் நிலை வந்த பிறகுதான், ஜெஸிந்தா அவரைக் குன்னூரில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள்.

"இந்த இடது கண்ணு எப்படிங்கய்யா போச்சு?" என்று டாக்டரம்மா கேட்டார்.

மனுவேல் தொண்டையைச் செருமினார். "அது வந்துங்கம்மா, ஒரு சிறுத்தை..."

"சிறுத்தையுமில்ல, பூனையுமில்லீங்க," என்றாள் ஜெஸிந்தா. "இதே புரை ஆபரேசன்தானுங்க. நல்லாத்தான் பண்ணியுட்டாங்க. ஊட்டுல இருங்க, சொட்டு மருந்து போடுங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னாங்க. கண்ணு தெரியுதுன்னதும் இவரு மருந்தை மூலையில வெச்சுட்டு பேக்டரிக்குப் போயிட்டாரு. இலைக்குள்ள மூஞ்சிய உட்டாரு. செவந்து வலிச்சப்பவும் வாயத் தொறக்கல. சீசனாமா! சீழ் கட்டினதுக்கப்புறந்தான் எனக்கே தெரியுமுங்க."

டாக்டரம்மா திட்டவில்லை. "இப்பெல்லாம் ஆபரேசன் முடிக்கிறப்பவே கண்ணுக்குள்ள ஆன்டிபயாட்டிக் வெச்சுட்டுத்தான் வெளிய வருவோம். பெரும்பாலும் கிருமி தலை தூக்காது. ஆனா காயம் ஆறற வரைக்கும் காவல் உங்க கையில. தண்ணி, தூசி, கசக்கறது ஒண்ணும் ஆகாது. செவந்தாலோ, வலிச்சாலோ, பார்வை மங்கினாலோ அந்த நிமிசமே வந்துடணும். உங்களுக்கு இருக்கறது ஒரே கண்ணுங்கய்யா."

ஆபரேசன் நன்றாகவே நடந்தது. கட்டுப் பிரித்ததும் மனுவேல் முதலில் மனைவியைப் பார்த்தார்.

"ஏன் புள்ளே, எப்ப இத்தனை நரைச்சே?"

"நீங்க பார்க்காத நேரமாப் பார்த்துத்தான்."

வீட்டில் ஜெஸிந்தாவின் ராஜ்ஜியம். பூசைக்கு முன் சாமியார் கழுவுவதுபோலச் சோப்புப் போட்டுக் கை கழுவுவாள். குப்பியின் நுனி இமை முடியில் கூடப் படாமல் மருந்தை விடுவாள். ஜன்னலோரம் உட்கார்ந்து அவர் மலையைப் பார்த்துக்கொண்டிருப்பார். இத்தனை பச்சையை யார் திருப்பிக் கொண்டுவந்து வைத்தது என்றிருந்தது.

ஒருநாள் ஜெஸிந்தா கோயிலுக்குப் போயிருந்த நேரம், பள்ளத்திலிருந்து காற்று ஏறி வந்தது. புளிக்கும் இலையின் வாசம். மனுவேலுக்கு இருப்புக்கொள்ளவில்லை. தொழிற்சாலைச் சங்கு ஊதினால்தான் தொழிலாளர்களின் லயன் வீடுகளில் உலை வைப்பார்கள், அந்தக் காலம் நினைவுக்கு வந்தது. இலை வாட்டும் மாடியில் பலகைகள் கிறீச்சிட நடந்தது, மழையில் நனைந்து வந்த கொழுந்தை ராத்திரியெல்லாம் பாட்டுப் பாடி உலர்த்தியது, டிரையர் வாயில் பலாக்கொட்டை சுட்டுத் தின்று சூப்பர்வைசரிடம் மாட்டியது, எல்லாம் அந்தக் காற்றில் ஏறி வந்து வாசலில் நின்று கூப்பிட்டன. கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இறங்கினார். சும்மா எட்டிப் பார்க்கத்தான்.

அவரிடம் தொழில் பழகிய ஆறுக்குட்டிதான் இப்போது அங்கே டீமேக்கர். "வாங்கண்ணா! சினிமாக்காரராட்டம் இருக்கறீங்கொ!" என்று ஓடி வந்தான்.

மனுவேல் பதில் சொல்வதற்குள் அவருடைய வலது கை, அவரைக் கேட்காமலே, ஒரு பிடி இலையை அள்ளி உருண்டை பிடித்துவிட்டது. கண்ணாடி நழுவியது. முகம் உள்ளே போயிற்று. ஒரே மூச்சு. கொய்யா வாசம். ஐயோ, என்ன சுகம்!

மறு நொடி கண்ணில் சுருக்கென்றது. ஈரத் துணுக்கு ஒன்று.

கசக்க உயர்ந்த கையை இன்னொரு கை பிடித்துக்கொண்டது. ஆறுக்குட்டி பதறினான். "தண்ணி கொண்டாரட்டுங்களாண்ணா?"

"தண்ணியும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். வண்டியை எடுறா!"

கோயில் வாசலில் ஜெஸிந்தாவும் ஏறிக்கொண்டாள். விஷயத்தைக் கேட்டவள் குன்னூர் வரைக்கும் அவர் கைகள் இரண்டையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டே வந்தாள். திட்டியிருந்தால் மனுவேலுக்குக் கொஞ்சம் தைரியம் வந்திருக்கும்.

"என்ன ஆச்சுங்கய்யா?" என்றார் டாக்டரம்மா.

"இலைங்கம்மா. மோந்து பார்த்துட்டேன்." அவ்வளவுதான் சொன்னார்.

துணுக்கை எடுத்துச் சுத்தம் செய்து, விளக்கை வைத்து வெகுநேரம் பார்த்தார் டாக்டரம்மா. "காயம் மூடியே இருக்குது. உள்ளேயும் சுத்தமா இருக்குது. ஆனா கிருமி வெளியே தெரிய நாளாகலாம். மருந்தை இன்னும் அடிக்கடி விடுங்க. தினமும் வந்து காட்டுங்க."

அந்த நாட்களில் மனுவேல் சிறுத்தையையே மறந்துபோனார். விடிந்ததும் எதிர்மேட்டுச் சில்வர் ஓக் மரங்களின் கிளைகள் தெரிகின்றனவா என்று பார்ப்பார். பனிமூட்டம் வந்து மரம் மறைந்தால் போதும், "ஜெஸி, கண்ணு போச்சு!" என்று அலறுவார். "மூட்டமுங்க, எனக்கும்தான் தெரியல" என்பாள் அவள். "செவந்திருக்குதா பாரு" என்று ஓயாமல் கேட்பார். அவளும் ஓயாமல் பார்த்தாள்.

கடைசியில் ஒருநாள் டாக்டரம்மா விளக்கை அணைத்துவிட்டுச் சிரித்தார். "இனி பயமில்லை. கண்ணு தப்பிச்சுது."

மனுவேல் எழுந்திருக்கவில்லை. "அம்மா, அந்தக் கண்ணுக்கும் இப்படி அன்னைக்கே ஓடியாந்திருந்தா?"

"தப்பிச்சிருக்கலாமுங்கய்யா," என்றார் அவர், மெதுவாக.

வெளியே வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தபோது மருந்து விடும் நேரம் ஆகியிருந்தது. ஜெஸிந்தா கை கழுவி வந்தாள். மனுவேல் தலையைச் சாய்த்துக் கண்ணை அகலத் திறந்தார். மேலே குனிந்த அவள் முகம் தலைகீழாகத் தெரிந்தது. நரை, சுருக்கம், மூக்குத்திக் கல் எல்லாம் தெளிவாகத் தெரிந்தன. இமையோரம் திரண்டு நின்ற துளியும்கூட.

"அழறதுன்னா அந்தப் பக்கம் திரும்பி அழு புள்ளே," என்றார். "மருந்தைத் தவிர வேற எதுவும் இந்தக் கண்ணுல உழுகக்கூடாது."