பத்து நிமிடம் முன்னால் ஓடிய நர்சம்மா

ஊர்ப் பெருமக்களுக்கு ஒரு முக்கிய அறிவிப்பு. எங்கள் ஊர்த் துணை சுகாதார நிலையத்தின் வாசல் சுவரில், பஸ் நிறுத்தத்தைப் பார்த்தபடி மாட்டியிருக்கும் வட்டக் கடிகாரம், கடந்த திங்கட்கிழமை காலை சரியான நேரத்தைக் காட்டத் தொடங்கியது என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன். இதனால் ஏற்பட்ட சேதம்: பெரம்பலூர் டவுன் பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் ஆறு பேர். அவர்களில் ஒருவர் பஸ்ஸுக்குப் பின்னால் ஓடி, ஒரு செருப்பையும் தவறவிட்டார்.

பத்தொன்பது வருடமாக அந்தக் கடிகாரம் பத்து நிமிடம் முன்னால் ஓடியது. முன்னால் ஓட வைத்தவர் எங்கள் கிராம சுகாதாரச் செவிலியர் மலர்க்கொடி அம்மா. ஊருக்கு அவர் நர்சம்மா. அவர் இல்லாத முதல் திங்கட்கிழமை, தற்காலிகமாக வந்த புதிய நர்ஸ், பாவம், கடிகாரம் தப்பாக ஓடுகிறது என்று நினைத்துத் திருத்திவிட்டார்.

செய்தி எனக்கு வந்தது அதற்கு முந்தைய வியாழக்கிழமை, இயற்பியல் செய்முறை வகுப்பில். ரியாஸ் தாமதமாக உள்ளே வந்தான். லப்பைக்குடிக்காட்டுப் பையன், வாப்பா துபாயில், உம்மாவும் அவனும் எங்கள் ஊரில் பாட்டன் வீட்டில். என் எல்லாக் குற்றங்களிலும் கூட்டாளி.

“மச்சான், நர்சம்மா மவுத்தாயிட்டாங்கடா.”

பொய்ச் செய்தி பரப்புவதில் எங்கள் இருவருக்கும் பள்ளி அளவில் நல்ல பெயர் உண்டு. ஆகவே நம்பவில்லை. “இதுல விளையாடாத” என்றேன். அவன் மேசை மேல் இருந்த என் ஸ்டாப்வாட்ச்சை எடுத்து நிறுத்தினான். அப்போதுதான் நம்பினேன். காலையில் வேலைக்குக் கிளம்பும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை. வயது ஐம்பத்திரண்டு.

படத்திறப்பன்று கொடுக்கும் நினைவு மலருக்கு என்னை எழுதச் சொன்னவர் அவருடைய மகள் கயல்விழி அக்கா. ஊரில் இத்தனை பெரியவர்கள் இருக்க நான் ஏன் என்று கேட்டேன். “அம்மாவைச் சொற்போர்ல தோக்கடிச்ச ஒரே ஆளு நீதானடா” என்றார். உண்மைதான். ஏழு பொங்கலாக எவராலும் அசைக்க முடியாத நர்சம்மாவை மேடையில் வென்ற ஒரே மனிதப் பிறவி அடியேன். இதை இந்தக் கட்டுரையில் இன்னும் சில முறை நினைவூட்டுவேன், பொறுத்துக்கொள்ளவும்.

அவருக்குச் சொந்த ஊர் கொள்ளிடக்கரைத் திருமழபாடி. இங்கே மாற்றலாகி வந்த முதல் மாதம், ஸ்கேன் பார்க்கக் கிளம்பிய நிறைமாதக்காரி ஒருவர் பஸ்ஸைத் தவறவிட்டு வெயிலில் மயங்கி விழுந்தாராம். அன்றைக்கே நர்சம்மா ஸ்டூல் போட்டு ஏறிக் கடிகாரத்தைப் பத்து நிமிடம் தள்ளி வைத்தார். பஸ் நிறுத்தத்தில் நிற்பவர்கள் எல்லாம் அதைத்தான் பார்ப்பார்கள் என்பதால், மெல்ல மெல்ல ஊரே பத்து நிமிடம் முன்னால் வாழப் பழகிவிட்டது.

எனக்கும் அவருக்கும் முதல் மோதல் அந்தக் கடிகாரத்தால் வந்தது. ஒன்பதாம் வகுப்பில் இருந்தேன். சைக்கிளிலிருந்து விழுந்து, டி.டி. ஊசிக்காகப் போயிருந்தேன். அவர் உள்ளே மருந்து எடுக்கும் நேரத்தில், அவருடைய ஸ்டூலிலேயே ஏறிக் கடிகாரத்தைத் திருத்தி வைத்தேன். மறுநாள் டவுன் பஸ் நாலு பேரை விட்டுவிட்டுப் போனது. நாலு பேரில் ஒருவர் என் அம்மா.

நர்சம்மா என்னை ஆள் விட்டுக் கூப்பிடவில்லை. பள்ளிக்கூட வாசலுக்கே வந்து நின்றார்.

“ஏன்டா தம்பி, கடியாரத்தைத் தொட்டியா?”

பிடிபட்டால் அழக்கூடாது, வாதாட வேண்டும் என்பது என் கொள்கை. “நாடு முழுக்க ஒரே நேரம்தாங்க. அதை நிர்ணயிக்கிற அதிகாரம் டெல்லிக்குத்தான் இருக்கு. துணை சுகாதார நிலையத்துக்கு இல்லைங்க. நான் சட்டத்தைத்தான் நிலைநாட்டுனேன்.”

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. நிஜமாகவே யோசித்தார். என் பேச்சைக் கேட்டு யோசித்த முதல் பெரிய மனுஷி அவர்தான்.

“சரி. நேரம் டெல்லியோடது. பஸ்ஸு யாரோடது?”

“மாநில அரசோடதுங்க.”

“பஸ்ஸை வுட்டுட்டு வெயில்ல நின்னாங்களே உங்கம்மா, அவங்க யாரோடது?”

“யோசிச்சு வை. நாளைக்கு வந்து சொல்லு, வக்கீலு” என்று ஸ்கூட்டியைக் கிளப்பினார். அன்றிலிருந்து நான் அவருக்கு வக்கீல். ஊசியை நான் கடிகாரத்தைத் தொட்ட அன்றைக்கே போட்டுவிட்டார்; அது வலிக்கவில்லை. இந்தக் கேள்விதான் ஒரு வாரம் வலித்தது.

எங்கள் ஊர்ப் பொங்கல் விழாவில் மாலையில் சொற்போர் நடக்கும். இரண்டே பேர், இரண்டு சுற்று, நடுவில் டீ. எந்தப் பக்கம் பேசுவது என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்வார்கள். நம்பாததையும் நம்புகிற மாதிரி பேச வேண்டியிருக்கும். தோற்றவருக்குத் தண்டனை, ஒரு மாதம் புதன்கிழமைதோறும் நர்சம்மாவுக்குத் தடுப்பூசிப் பெட்டி தூக்குவது. இந்த விதியைக் கொண்டுவந்தவர் யார் என்று சொல்லத் தேவையில்லை. ஏழு வருடமாக அவர் ஜெயித்துக்கொண்டே இருந்தார். ஏழு வருடமாக அவருக்குப் பெட்டி தூக்க ஆள் கிடைத்துக்கொண்டே இருந்தது. கூட்டுறவுச் சங்கச் செயலாளர்கூடத் தூக்கியிருக்கிறார்.

போன பொங்கலுக்கு முன்பு ஒரு சிக்கல் வந்தது. ஊருக்குத் தெற்கே கல்குவாரியை ஒட்டித் தகரக் கொட்டகைகளில் வடக்கேயிருந்து வந்த குடும்பங்கள் இருக்கின்றன. நர்சம்மா புதன்கிழமைதோறும் அங்கேயும் போவார். மேலேயிருந்து வந்த புதிய செல்போன் செயலி, நிரந்தர முகவரி இல்லாத குழந்தையைப் பதிய மறுத்தது. பதியாத இடத்துக்குப் போகத் தேவையில்லை என்று ஒரு சுற்றறிக்கை. எந்த மேலே என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியவில்லை. மேலே என்றால் மேலே, அவ்வளவுதான். பொங்கல் முடிந்ததும் குவாரிப் புதன்கிழமை நின்றுவிடும் என்றார்கள்.

“நீங்க மீட்டிங்ல எடுத்துச் சொல்லலாம்லங்க?” என்று ரியாஸ் கேட்டான்.

“மீட்டிங்ல சொல்லிட்டேன். மேடையில சொன்னா மெமோ வரும்டா. மெமோ வந்து என்னை வேற ஊருக்குத் தூக்கிட்டா, இந்தப் புள்ளைங்களுக்கு யாரு?”

அவர் குரல் தாழ்ந்து நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

அந்த வருடம் சொற்போரில் அவரை எதிர்த்து நிற்க ஆளில்லாமல் நான் பெயர் கொடுத்தேன். ‘பட்டிமன்றத்துல உன்னை மன்றத்துல ஏத்த மாட்டாங்க, பட்டியிலதான் அடைப்பாங்க’ என்று ரியாஸ் வாழ்த்தினான். தலைப்பு: மக்கள் மருத்துவத்தில் ஒன்றிய அரசின் அதிகாரம் விரிய வேண்டுமா, ஓர் எல்லையோடு நிற்க வேண்டுமா?

நர்சம்மாவின் மனம் எல்லைப் பக்கம் என்று ஊருக்கே தெரியும். அந்தப் பக்கம் அவருக்கு விழுந்தால் நான் சட்னி. என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் சீட்டு எழுதும் வேலையை என்னிடமே கொடுத்திருந்தார்கள். திருடனிடம் சாவி. இரண்டு சீட்டிலும் ‘விரிய வேண்டும்’ என்று எழுதினேன். அவர் முதலில் எடுத்துப் பிரித்தார். மீதியை நான் பிரிக்காமல் பையில் போட்டுக்கொண்டு, “அப்ப எனக்கு எல்லை” என்றேன். நர்சம்மா என் சட்டைப்பையை ஒரு கணம் பார்த்தார்.

மனதுக்கு எதிரான பக்கம், திணறப்போகிறார் என்று நினைத்தேன். அவர் எழுந்தார்.

“நம்ம ஊர்ல போலியோவை ஒழிச்சிட்டு அடுத்த மாநிலத்துல வுட்டுட்டா, அது ரயில் ஏறி வராதாங்க? ஒரே நாள்ல நாடு முழுக்க சொட்டு மருந்து ஊத்துனதாலதான ஒழிஞ்சிது. கிருமிக்கு மாநில எல்லை தெரியாது. அப்ப மருந்துக்கு மட்டும் எதுக்குங்க எல்லை? நம்ம பசங்க சூரத்துக்கு வேலைக்குப் போறாங்க. அங்க காய்ச்சல் வந்தா நம்ம காப்பீட்டு அட்டை அங்கயும் செல்லணுமா வேணாமா?”

கை தட்டியவர்களில் ரியாஸும் இருந்தான். முறைத்தேன். “நல்லாப் பேசுறாங்கடா” என்றான். முன்வரிசையில் ஒரு பெரியவர், ஒன்றியம் என்றதும் ஊராட்சி ஒன்றியம் என்று நினைத்துத் தன் தெருச் சாக்கடையைப் பற்றிக் கேட்டார். நர்சம்மா அவருக்கும் பதில் சொல்லி உட்கார வைத்தார். என் முதல் சுற்று எப்படி இருந்தது என்பதை நாகரிகம் கருதித் தவிர்க்கிறேன்.

டீ இடைவேளைக்குப் பிறகுதான் வரலாறு.

“கிருமிக்கு எல்லை தெரியாதுன்னு நர்சம்மா சொன்னாங்க. ஒத்துக்கிறேங்க” என்று தொடங்கினேன். “ஆனா கிருமி யாருகிட்டயும் முகவரி கேக்குறதில்லைங்க. ஊசி மட்டும் ஏங்க கேக்குது? குவாரியில பிங்கி இருக்கா, சூரஜ் இருக்கான், போன மாசம் பொறந்த பேர் வெக்காத பாப்பா இருக்கு.” பதினொரு குழந்தைகளையும் ஒவ்வொன்றாகச் சொன்னேன், எந்தக் கொட்டகை, எந்த ஊசி பாக்கி என்பதோடு. “மருந்து டெல்லியிலேர்ந்து வரட்டும், சென்னையிலேர்ந்து வரட்டும், கும்பிட்டு வாங்கிக்கிறோம். ‘இந்தப் புள்ளைக்குப் போடாத’ன்னு சொல்ற அதிகாரம் மட்டும், அந்தப் புள்ளையைப் பாக்காதவங்ககிட்ட இருக்கக்கூடாதுங்க. அதுதான் எல்லை.”

கூட்டம் ஒரே சமயத்தில் கை தட்டியது. நடுவர் தீர்ப்பை எனக்குச் சொன்னார். முன்வரிசையில் சிறப்பு விருந்தினராக உட்கார்ந்திருந்த வட்டார மருத்துவ அலுவலர் எழுந்து நர்சம்மாவிடம் நேராக வந்தார்.

“அந்தப் பதினோரு பேரோட லிஸ்ட் இருக்காம்மா?”

“தயார் பண்ணித் தரேன் சார்” என்றார் நர்சம்மா, இப்போதுதான் கேள்விப்படுகிறவர் போல.

“தனி நோட்டுல எழுதிக்குங்க. புதன்கிழமை போறதை நிறுத்தாதீங்க. மேல நான் பேசிக்கிறேன்.”

குவாரிப் புதன்கிழமை நிற்கவில்லை. இன்றுவரை நிற்கவில்லை. தோற்றவர் பெட்டி தூக்க வேண்டும் என்பது விதி, தோற்றவர் நர்சம்மா, அவர் எப்படியும் தூக்கித்தான் ஆக வேண்டும். ஆனாலும் அந்த மாதம் முதல் பீரியடைத் தியாகம் செய்து நானே தூக்கினேன். கேட்டவர்களிடம் வென்றவனின் பெருந்தன்மை என்று சொல்லி வைத்தேன்.

அவரை எடுத்த அன்று குவாரியிலிருந்து பெண்கள் நடந்தே வந்தார்கள். மாலை எதுவும் கொண்டுவரவில்லை. சாவு வீட்டுக்கு இங்கே என்ன கொண்டுபோவார்கள் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்காது. ஒவ்வொருவர் கையிலும் குழந்தையின் தடுப்பூசி அட்டை இருந்தது. ஒரு பெண் தன் அட்டையை விரித்து, நர்சம்மாவின் கையெழுத்து தெரியும் பக்கத்தை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தபடி நின்றார். ரியாஸ் என் தோளைப் பிடித்துக்கொண்டான். நான் எதிரே சுகாதார நிலையச் சுவரைப் பார்த்தேன். கடிகாரம் அன்றைக்கும் பத்து நிமிடம் முன்னால்தான் இருந்தது.

இனி ஒன்று பாக்கி இருக்கிறது. கயல்விழி அக்கா, இந்த இடத்தில் மலரை மூடிவிட்டாலும் எனக்குச் சம்மதம்தான்.

அந்த டீ இடைவேளையில் நான் மேடைக்குப் பின்னால் போய் நின்றேன். வீட்டுக்கு ஓடிவிடலாம் என்றுகூட இருந்தேன். நர்சம்மா இரண்டு டம்ளர் டீயோடு வந்தார். ஒன்றை என்னிடம் கொடுத்தார். கைப்பையிலிருந்து பழைய நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்தார். செயலி ஏற்காத குழந்தைகளை எழுதி வைத்திருந்த நோட்டு.

“மொதப் பக்கத்தைப் படி. என்னை அடிக்க இதைவிட நல்ல தடி கெடைக்காது. கடைசி ரெண்டு வரியை அப்படியே சொல்லு, மாத்தாத. முன்வரிசையில வட்டார டாக்டர் உக்காந்திருக்காரே, அவர் காதுல வுழுவணும்.”

“நீங்க தோத்துடுவீங்களேங்க.”

“நான் பேச முடியாதுடா. நீ பேசலாம்.” டீயைக் குடித்துவிட்டுப் போகத் திரும்பியவர், நின்றார். “அந்த மீதிச் சீட்டுலயும் ‘விரிய வேண்டும்’னுதான எழுதியிருந்த? நல்ல வேளை எழுதுன, வக்கீலு. இல்லன்னா நான் எழுதியிருக்கணும்.”

முகவரி வாக்கியம் அவருடையது. பதினொரு பெயரும் அவருடையவை. எல்லையும் அவர் போட்டதுதான். என்னுடையது குரல் மட்டும். அதுவும் நடுவில் ஒரு இடத்தில் உடைந்தது. பெட்டி தூக்கியது பெருந்தன்மையும் இல்லை. தோற்றவன்தானே தூக்க வேண்டும்.

நேற்று பள்ளிக்கூடம் விட்டதும் புதிய நர்ஸிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஸ்டூலை எடுத்துப் போட்டு, ஏறச் சொன்னார். முள்ளைப் பத்து நிமிடம் முன்னால் தள்ளிவிட்டு இறங்கினேன். நிறுத்தத்தை நோக்கி மெதுவாக நடந்து வந்த ஒருவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார். பஸ் இன்னும் வரவே இல்லை.

போயிட்டு வாங்க நர்சம்மா. அன்னிக்கு ஜெயிச்சது நீங்கதாங்க. வழக்கம்போல நான் பத்து நிமிஷம் லேட்.