புள்ளி நிற்கக் கூடாது

எங்கள் வார்டில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘ரெண்டுதரம் அக்கா’ என்றால்தான் தெரியும். மருந்து ஏற்றும் கருவியில் அளவு வைக்கும்போது ஒவ்வொரு எண்ணையும் வாய்விட்டுச் சொல்லி அழுத்துவார், பிறகு இன்னொரு தரம் சொல்லிச் சரிபார்ப்பார். நர்ஸ் படிப்பில் எல்லோருக்கும் சொல்லித்தருகிற பழக்கம்தான் இது. நாங்கள் பெயருக்கு முணுமுணுப்போம். அக்கா லிஃப்டில்கூட “மூணு” என்று சொல்லிவிட்டுத்தான் மூன்றாம் மாடியை அழுத்துவார்.

இருப்புக்கொள்ளாத மனுஷி. நோயாளியிடம் நிற்கும்போது மட்டும் கல் மாதிரி நிற்பார். மற்ற நேரமெல்லாம் கால் ஓரிடத்தில் நிற்காது, கை போனைத் தேடும். வீட்டுக்காரருக்குக் கப்பலில் வேலை, பாதி வருஷம் கடலில். அக்காவுக்கு மாலை ஷிஃப்ட் வந்தால் ஏழாவது படிக்கிற மகள் வீட்டில் தனியாகத்தான் இருப்பாள். செல்லப் பெயர் வாலு. பெயருக்கு ஏற்ற பெண்தான்.

வாலுவின் போன் மாலை ஆறு மணிக்குப் பூட்டிக்கொள்ளும்படி அக்கா ஏற்பாடு செய்திருந்தார். அன்றிலிருந்து அவருக்கு நிம்மதி போயிற்று. முதலில் வாலு போனின் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளினாள். பாவம், போன் இன்னும் மத்தியானம் என்று நம்பிக்கொண்டு திறந்தே கிடந்தது. அக்கா அந்த ஓட்டையை அடைத்தார். அவள் விளையாட்டை அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றினாள், புதிதாக ஏற்றியதற்குப் பூட்டு விழவில்லை. அதையும் அடைத்தார். மெசேஜில் வந்த இணைப்பைத் தட்டி அதற்குள்ளேயே வீடியோ பார்த்தாள். ஒவ்வொன்றையும் அக்கா எங்களிடம் வந்து புலம்புவார். நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம்.

சிரிப்பு நின்றது, பூட்டு எண்ணையே அவள் கண்டுபிடித்தபோதுதான். அக்கா எண்ணை மாற்றுவார். மறுநாளே போன் திறந்திருக்கும்.

“எங்கயும் எழுதி வைக்கலடி. அவ பக்கத்துல வந்தா திரைய கையால மறைச்சுக்குறேன். அப்புறம் எப்படி?” என்றார். கண் கலங்கியிருந்தது. “எனக்கு பயமா இருக்கு.”

அந்தப் பயம் அன்று சாயங்காலம் முற்றிவிட்டது. வாலுவின் போனில் எது எவ்வளவு நேரம் ஓடுகிறது என்ற விவரம் அக்காவின் போனுக்கு வரும். பூட்டைத் திறந்தபிறகு அவள் அதிகம் பார்த்தது விளையாட்டும் இல்லை, வீடியோவும் இல்லை. வரைபடம். தினமும் வரைபடம்.

“எவனோ இடம் சொல்றான், இவ வழி பாக்குறா,” என்றார். தலைமை நர்ஸிடம் அனுமதி கேட்டு, ஷிஃப்டைப் பாதியில் விட்டுவிட்டுக் கிளம்பினார். அந்த நிலையில் தனியாக அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. என் டூட்டி முடிந்திருந்ததால் நானும் பஸ்ஸில் ஏறிக்கொண்டேன்.

பாலத்தின்மேல் போக்குவரத்து அப்படியே நின்றுவிட்டது. அக்கா எழுந்தார், உட்கார்ந்தார், டிரைவரை முறைத்தார். பிறகு அந்த விவரத்தை மறுபடி பார்க்கத் தன் போனைத் திறந்தார். மகள் போனுக்கும் இதற்கும் ஒரே பூட்டு எண்தான். திரையைக் கையால் பத்திரமாக மறைத்துக்கொண்டார். வாயோ தன் பாட்டுக்கு, “எட்டு, ரெண்டு, அஞ்சு, ஒண்ணு” என்றது.

“அக்கா, இப்ப என்ன சொன்னீங்க?”

“என்ன சொன்னேன்?”

“எட்டு, ரெண்டு, அஞ்சு, ஒண்ணு.”

என்னையே பார்த்தார். எனக்குச் சிரிப்பு பீறிட்டது, அவர் முகத்தைப் பார்த்ததும் விழுங்கிக்கொண்டேன். பூட்டுக்கு ஓட்டை அவர் வாய்தான். வீட்டில் எத்தனை தடவை அந்தப் பெண் காதுபடச் சொல்லியிருப்பாரோ!

அதற்குள் போன் அடித்தது. வாலு. அக்கா ஸ்பீக்கரில் போட்டார்.

“அம்மா, ஏன் பாலத்துலயே நிக்கிற? இன்னும் டூட்டி முடியலையே. விழுந்துட்டியா?”

அக்கா ஜன்னல் வழியே பாலத்தை எட்டிப் பார்த்தார்.

“அம்மா! சொல்லும்மா. விழுந்துட்டியா?”

“இல்லடா… பஸ் நிக்குது. நான் பாலத்துல இருக்கேன்னு உனக்கு எப்படித் தெரியும்?”

“மேப்புல உன் புள்ளி தெரியுமே. நீதானே போட்டு வச்ச.”

மகள் எங்கே போகிறாள் என்று கண்காணிக்க அக்காதான் குடும்ப வரைபடத்தைப் போட்டுவைத்தார். அது இரண்டு பக்கமும் தெரியும் என்பதை அவர் யோசிக்கவே இல்லை.

“தினம் இதத்தான் பாக்குறியா?”

“நீ கிளம்புறப்ப இருந்து பாப்பேன். வாசல்கிட்ட வந்ததும் மூடிடுவேன்.” குரல் தாழ்ந்தது. “அன்னைக்கு நீ வரவே இல்லல்ல. யாருமே சொல்லல.”

அன்றைக்கு என்றால் என்றைக்கு என்று எனக்கும் தெரியும். போன வருஷம் ஈரத் தரையில் வழுக்கி விழுந்து, தலையிலும் முழங்காலிலும் அடிபட்டு, அக்காவை எங்கள் ஆஸ்பத்திரியிலேயே சேர்த்தோம். அவர் போன் லாக்கரில் அணைந்து கிடந்தது. விடிந்தபிறகுதான் வீட்டுக்குத் தகவல் போனது. அதுவரை வாலு வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தாளாம்.

அக்கா பஸ் ஜன்னலில் தலையைச் சாய்த்து அழுதார். நான் அவர் பையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பூட்டு இப்போதும் இருக்கிறது, வரைபடத்துக்கு மட்டும் கிடையாது. புது எண்ணை அக்கா போடும்போது வாலுவே, “அம்மா, வாய மூடிக்கிட்டு போடு” என்று காதைப் பொத்திக்கொண்டாளாம்.

இருப்புக்கொள்ளாமை மட்டும் அக்காவை விடவில்லை, இடம்தான் மாறிவிட்டது. நேற்று ஷிஃப்ட் முடிந்து இருவரும் வந்தபோது பஸ் அதே பாலத்தில் நின்றது. அரை நிமிஷம் பொறுத்துப் பார்த்தார். பையை எடுத்துத் தோளில் மாட்டினார்.

“எங்கக்கா போறீங்க? இப்ப கிளம்பிடும், உக்காருங்க.”

“நீ உக்காரு. நான் நடக்குறேன்,” என்று இறங்கிவிட்டார். “புள்ளி நின்னா அவ பயப்படுவா.”

நின்றுகொண்டிருந்த வண்டிகளுக்கு நடுவில் புகுந்து, வலிக்கிற முழங்காலோடு, வேகவேகமாக நடந்து போனார்.