மூன்றாம் படியில் ஒரு டீ

இங்கே சார்ஜாவில் என்னோடு அறையில் இருக்கும் சஜி, கொல்லத்துக்காரர். காலையில் அவர் சாயா போட்டு நீட்டினால் நான் கையில் வாங்க மாட்டேன். "அங்கே வைங்க" என்று வாசலைக் காட்டுவேன். வைத்துவிட்டு அவர் நான்கு எட்டு தள்ளிப் போன பிறகுதான் போய் எடுப்பேன். "எந்தா, பிணக்கமாணோ?" என்று இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். கோபமெல்லாம் இல்லை சேட்டா, பழக்கதோஷம். ஊரடங்கில் ஊரில் மாட்டியவர்களுக்குத்தான் இது புரியும்.

ஒரு மாத லீவில் தென்காசிக்கு வந்து இறங்கினேன். அந்த வாரமே விமானங்கள் நின்றன. வெளிநாட்டிலிருந்து வந்தவன் என்று வாசலில் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார்கள். வழக்கமாக லீவில் வருகிறவனைத் தெருவே சூழ்ந்துகொண்டு, "எப்ப வந்திய, எப்ப போறிய?" என்று ஒரே மூச்சில் கேட்கும். இந்த முறை பக்கத்து வீட்டு அண்ணாச்சி எதிர்ச் சுவரோரம் நின்று இரண்டாவது கேள்வியை மட்டும் கேட்டார். கொண்டுவந்த தைல பாட்டிலைக்கூட வாங்கிக்கொள்ளவில்லை.

மாடி அறையில் தேங்காய்க் குவியலோடு பதினான்கு நாள். மனைவி மெகர் சாப்பாட்டையும் டீயையும் மூன்றாம் படியில் வைத்துவிட்டுக் குரல் கொடுப்பாள். நான்கு வயது மகள் சுமையாவோடு பேச்செல்லாம் வீடியோ காலில்தான். நான் மேலே, அவள் கீழே. சார்ஜாவிலிருந்து பேசுவதும் இப்படித்தான். ஆனால் இப்போது அவள் சிரிப்பு போனிலும் வந்தது, படி வழியாகவும் வந்தது.

பதினைந்தாம் நாள் சவரம் செய்து, அத்தர் பூசி, புதுமாப்பிள்ளை மாதிரி இறங்கினேன். சுமையா மெகரின் முந்தானைக்குள் ஒளிந்துகொண்டாள்.

"உம்மா, இவிய வேண்டாம். போன் வாப்பாவக் கூப்பிடு."

"ஏட்டி, இவியதான் போன் வாப்பா."

"இல்ல. அவிய சின்னதா இருப்பாவ."

சிரித்துவிட்டேன். ஆனால் சுருக்கென்றது. யாருக்காகச் சம்பாதிக்கிறேனோ அவளுக்கே நான் அளவு சரியில்லாதவன். பொம்மை, சாக்லேட் எதுவும் எடுபடவில்லை. கடைசியில் மானத்தை விட்டு மாடிக்கே ஏறிப் போய் அங்கிருந்து கால் செய்தேன். மடை திறந்த மாதிரி பேசினாள். அன்றிலிருந்து தினம் ஒரு படி. பேசிக்கொண்டே இறங்கி உட்காருவேன். எங்கள் வீட்டில் பதினாறு படிகள். "இதுக்குத் துபாய்க்கே நடந்து போயிரலாம் போலயே" என்றாள் மெகர்.

கடைசிப் படியில் நானும் சுமையாவும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, ஆளுக்கொரு போனைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தோம். திடீரென்று நெட் போய்விட்டது. ஊரே போனில் கிடந்த காலம் அது. இத்தனை வருஷமும் நெட் போனால் வாய்க்கு வந்தபடி ஏசியவன் நான். சுமையா போனைத் தட்டிப் பார்த்தாள், உதட்டைப் பிதுக்கினாள், பிறகு என் முகத்தைப் பார்த்து, விட்ட இடத்திலிருந்து பூனைக்குட்டிக் கதையைத் தொடர்ந்தாள். அழுதுவிட்டேன், அதில் வெட்கமில்லை. அதன் பிறகும் என் டீயை மட்டும் மூன்றாம் படியில் வைக்கச் சொல்லி, நான்கு எட்டு தள்ளி நின்று நான் எடுப்பதைப் பார்த்தால்தான் அவளுக்குத் திருப்தி.

சாரல் தொடங்கியதும் ஐந்தருவியைக் காட்ட அவளை பைக்கில் கூட்டிப் போனேன். அந்த வருஷம் குற்றாலத்தில் குரங்குகள் மட்டும்தான் குளித்தன. வழியில் தடுப்பு. போலீஸ்காரர், "எங்கன போறீரு?" என்றார்.

"பிள்ளைக்கு அருவியக் காட்ட, சார்."

"போன்ல காட்டும்வே."

எனக்கு முகம் விழுந்துவிட்டது. சுமையாதான் தேற்றினாள். "பரவால்ல வாப்பா. போன்ல பாத்தா அப்புறம் அது கீழ எறங்கி வரும்."

விமானம் ஓடத் தொடங்கியதும் நானும் கிளம்பி வந்துவிட்டேன். நேற்று மெகர் சொன்னாள்: "ஒங்க மவ தெனமும் மூணாம் படியில டீ வைக்கா. ஆறிப்போச்சேன்னு எடுத்தா ஏசுதா. வாப்பா ஒவ்வொரு படியா எறங்கி வந்துக்கிட்டு இருக்காவளாம்."

இதை சஜியிடம் சொன்னேன். இன்று காலை அவர் ஒன்றும் கேட்காமல் டம்ளரை வாசலில் வைத்துவிட்டு, நான்கு எட்டு தள்ளிப் போய் நின்றார். குனிந்து எடுத்தேன். நல்ல சூடு. தென்காசியில் இந்நேரம் இன்னொன்று ஆறிக்கொண்டிருக்கும்.