மக்சர் மிதித்த கால்

ஏழு சுற்று வென்று யானைப் பட்டம் வாங்கிய மல்லர் மக்சர், நாற்பத்தெட்டாம் வயதில் சாவ்கான் மாகாண மக்களின் ஓட்டில் நாடாளுமன்றத்துக்குப் போனார். கூடவே கோம்போவும் போனார். களத்தில் இருபது வருடம் மக்சரின் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, அவர் பெருமையைத் தொண்டை கிழியக் கூவியவர் இந்தக் கோம்போ. இப்போது தொப்பிக்குப் பதில் கோப்பு.

மக்சருக்கு மேடைப் பேச்சு சுத்தமாக வராது. முதல் உரையில் இரண்டு வாக்கியம் சொன்னார், வியர்த்தது, உட்கார்ந்துவிட்டார். தலைநகரமே சிரித்தது. ஆனால் ஊரில் யார் வீட்டு ஒட்டகம் காணாமல் போனாலும் அவருக்குத்தான் போன் வரும். ஒரு அழைப்பைக்கூட அவர் தட்டியதில்லை. அந்த நல்ல மனசுக்காகத்தான் கோம்போ சொந்த ஊரை விட்டு இந்தப் புகை நகரத்தில் குப்பை கொட்டினார்.

போன பனிக்காலத்தில் பனி உருகி மறுபடி உறைந்து, மேய்ச்சல் நிலமெல்லாம் கண்ணாடியாகிவிட்டது. புல்லுக்கு வாய் எட்டாமல் ஆடுகள் நின்றபடியே செத்தன. அதனால் மூன்று வட்டங்களுக்கு உலர்புல் கிடங்கு கேட்டு மக்சர் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். அது நிறைவேற நாடாளுமன்றக் குழுவில் இன்னும் ஒரு ஓட்டு தேவைப்பட்டது. அந்த ஓட்டு கிழவர் யோந்தோனுடையது. தன் தம்பியைத் தேர்தலில் தோற்கடித்த மக்சரிடம் மூன்று வருடமாக அவர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. கடிதம் போனால் திரும்பி வந்தது.

ஓட்டெடுப்பு நாள் காலை. தாழ்வாரத்தில் ஒரே நெரிசல். மக்சரின் பெரிய பூட்ஸ் யோந்தோனின் காலில் ஏறியது. கிழவர் முகம் சுருங்கியது.

அந்த நாட்டு வழக்கப்படி, காலை மிதித்தால் கை குலுக்கியாக வேண்டும், மிதிபட்டவரும் கையைத் தந்தாக வேண்டும். இல்லாவிட்டால் பகை ஒட்டிக்கொள்ளும். இத்தனை பேர் பார்க்க, யோந்தோன் வேண்டாவெறுப்பாகக் கையை நீட்டினார். மக்சர் பிடித்த கையை விடவில்லை.

"மன்னிச்சுக்கங்க அண்ணே. எங்க பக்கம் ஒரு பொம்பள, செத்த ஆடுங்களுக்கு நடுவுல உக்காந்து ஒவ்வொண்ணையும் பேர் சொல்லிக் கூப்பிட்டுட்டு இருந்தா. என்னால ஒண்ணும் பண்ண முடியல. நீங்களும் ஆடு மேய்ச்ச வீட்டுப் பிள்ளைதானே."

அவ்வளவுதான். மக்சர் வாழ்நாளில் பேசிய நீளமான பேச்சு அது. கோம்போவுக்குக் கண் கலங்கிவிட்டது.

மதியம் யோந்தோன் ஆதரவாகக் கை தூக்கினார். கிடங்கு கிடைத்தது. குழு கலைந்ததும் கிழவர் நொண்டிக்கொண்டே கோம்போவிடம் வந்தார்.

"ஏம்ப்பா, உங்க யானை தெரியாமத்தான் மிதிச்சுதா?"

"சத்தியமா தெரியாமத்தான் அண்ணே," என்றார் கோம்போ, தரையைப் பார்த்துக்கொண்டு.

"எங்கப்பாவும் மல்லன்தான். மல்லன் கால் எங்க விழும்னு எனக்குத் தெரியாதா? அடுத்த தடவ ஏதாவது வேணும்னா நேரா வந்து கேக்கச் சொல்லு. மிச்சம் ஒரு கால்தான் இருக்கு."