ஞாயிற்றுக்கிழமை ஃபிரிட்ஜ்

காங்கேசன்துறை பஸ் மருதனார்மடம் தாண்டிப் பழுதாகி நிற்கிறது. மாற்று பஸ் எப்போது வரும் என்று நடத்துநருக்கே தெரியவில்லை. வெயிலில் நிற்க முடியாமல் எதிர் வீட்டில் தண்ணீர் கேட்கிறேன்.

அங்கே இருப்பவர் தனியாக வாழும் ஓய்வுபெற்ற தபால்காரர். ஃபானை நிறுத்திவிட்டு வேர்வையோடு உட்கார்ந்திருக்கிறார். ஊர் மின்சாரச் சிக்கனக் குழுவிலிருந்து வந்த சுகந்தி, அவருடைய ஆளுயர ஃபிரிட்ஜ் எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று சின்ன மீட்டர் ஒன்றை மாட்டிப் பார்க்கிறாள். காலையிலிருந்து வீடு வீடாக ஏறி இறங்கிய களைப்பு அவளுக்கு. ஃபிரிட்ஜ் கதவைத் திறந்தால் உள்ளே ஒரேயொரு தண்ணீர்ப் போத்தல். அதை எடுத்து எனக்குத் தருகிறாள்.

“ஃபானை நிப்பாட்டி என்ன அண்ணை செய்ய? உங்கடை பில்லிலை அரைவாசி உந்த ஃபிரிட்ஜ்தான். உதை நிப்பாட்டுங்கோ.”

“மகள் கனடாவிலையிருந்து காசனுப்பி வாங்கித் தந்தது, பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை வீடியோவிலை வந்து திறந்து காட்டச் சொல்லுவாள். வெறுமையாக் கிடந்தா, நான் சாப்பிடுறேல்லை எண்டு அழுவாள்.”

“அப்ப ஞாயிறு மட்டும் போடுங்கோ.”

“அண்டைக்கெண்டு வாங்கி நிரப்புறதெல்லாம் அழுகிப்போகுது. நான் தனி ஆள்.”

சுகந்தி நெற்றியைத் துடைத்துக்கொள்கிறாள். இன்னும் எத்தனை வீடுகளோ.

“சரி அண்ணை. ஞாயிறு காலமை எங்கடை வீட்டுச் சாமானைக் கொண்டந்து அடுக்கிறன். அவ கதைச்சு முடிய எடுத்துக்கொண்டு போறன்.”

பிளக்கைப் பிடுங்குகிறாள். அதுவரை கேட்டுக்கொண்டிருந்த இரைச்சல் நின்று வீடு அமைதியாகிறது. அவர் எழுந்து ஃபானைப் போடுகிறார்.

“மீன் வைக்காதை, பிள்ளை. நான் சைவம் எண்டு அவளுக்குத் தெரியும்.”